ஒழுகும் படகு

பழைய ஃபைபர் படகை வாங்குமுன் அதற்குள் தண்ணீர் நிரப்பிப் பார்ப்பது அந்தக் கரையின் வழக்கம். ஒழுகினால் வேண்டாம் என்று சொல்லத்தான் பெனிட்டா புருஷனுடன் வந்திருந்தாள். பிறர் படகிலேயே காலம் தள்ளிய அவள் புருஷன் ரெமிஜியூஸ் குடம் குடமாகக் கடல்நீரை மொண்டு ஊற்றினான். நாலு இடத்தில் தண்ணீர் வெளியே பீய்ச்சியது. குடத்தைப் போட்டுவிட்டு, “வா, போவம்” என்றான்.

திரும்பிப் பார்த்தால், அவள் சேலையோடு படகுக்குள் இறங்கி, இடுப்பளவு நீரில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“ஏட்டி, எறங்கு. ஊரே பாக்குது.”

“பாக்கட்டும். நம்ம போட்டுலதான இருக்கேன்.”

“ஒழுகுதுட்டி!”

“எங்கெங்கன்னு தெரிஞ்சுபோச்சுல்லா? கரியால வட்டம் போடும், அடச்சிரலாம்.”

நீரை அள்ளி அவன் முகத்தில் அடித்தாள். அவன் சிரித்துக்கொண்டே கரித்துண்டு தேடி ஓடினான். வந்தபோது தண்ணீர் முழுக்க வடிந்திருந்தது. அவள் இறங்கவில்லை.