பக்கத்துக் கொட்டில் மனிசன்

சுனாமியில் வீடிழந்தவர்களுக்கான கல்முனை முகாமில் மஃரூப் சேர் பெண்களுக்கு இங்கிலீசு படிப்பித்தார். அன்றைய சொல் ‘டிஸ்டர்ப்’.

“இத வச்சி ஒரு வசனம் சொல்லுங்க.”

ஜெஸீமா எழும்பினாள். “எ மேன் டிஸ்டர்ப்ஸ் மீ எவ்ரி நைட், சேர்.”

வசனம் சரியென்று மெச்ச மறந்து சேர் அவளுக்குக் கிட்ட வந்தார்.

“உண்மையாவா புள்ள?”

“ஓம் சேர். பக்கத்துக் கொட்டில் மனிசன். ராவெல்லாம் எனக்கு நித்திரையில்ல.”

“உங்கட மாப்பிள்ள ஒன்டும் கேக்கல்லையா?” என்று அவள் கணவனைப் பற்றி விசாரித்தார் சேர்.

“மரியாதையான ஆள்கிட்ட எப்பிடிக் கேக்கிற என்டு பயப்படுறார்.”

“மரியாதையான ஆளா அவன்? நான் கேக்குறன். வாங்க!”

வகுப்பு முழுதும் பின்னால் வந்தது. ஜெஸீமா தன் கொட்டிலுக்குள் கூட்டிப்போய் பின்பக்கத் தகரச் சுவரைக் காட்டினாள். சேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தகரம் அதிர அடித்தார்.

“வெளிய வா, வெக்கங்கெட்டவனே!”

அங்காலிருந்து ஒரு பெண்குரல் சீறியது. “ஆரு தகரத்துக்கு அடிக்கிற? எங்கட மஃரூப் சேர் வகுப்பு முடிஞ்சி வரட்டும், காட்டுறன்!”

அது சேரின் மனைவி. அவளும் சேரும் அந்தக் கொட்டிலுக்குப் போன கிழமைதான் குடிவந்திருந்தார்கள். அவர்களுடைய வாசல் அடுத்த ஒழுங்கையைப் பார்த்திருந்ததால், முதுகுப்பக்கம் யார் இருக்கிறார்கள் என்று அவர் பார்த்ததேயில்லை.

“நான் என்ன புள்ள செஞ்ச?” என்றார் சேர், குரல் இறங்கி.

“நித்திரையில வகுப்பு எடுக்கிறீங்க சேர். ‘ரிப்பீட் ஆஃப்டர் மீ’ என்டு கத்துறீங்க. எங்கட மாப்பிள்ளயும் நித்திரையிலயே திருப்பிச் சொல்லுறார்.”