ஆமைத் தெருவில் நாலு நாள்

பெட்டியை மூடி வாசலில் வைத்துவிட்டேன். எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

நெல்லோ மேசையில் உட்கார்ந்து முலாம்பழத்தைப் பன்றிக்கறித் துண்டோடு சேர்த்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தான். என் புருஷன். இந்த உலகத்தில் கவலையே இல்லாத மனிதன்.

ஆகஸ்ட் பதின்மூன்று. இன்னும் மூன்று நாளில் சதுக்கத்தில் குதிரைப் பந்தயம். எங்கள் சியேனா ஊரின் பதினேழு தெருக்களில் இந்தத் தடவை ஓடுகிற பத்தில் என்னுடைய ஆமைத் தெருவும் உண்டு, அவனுடைய நத்தைத் தெருவும் உண்டு. இரண்டுக்கும் ஆகவே ஆகாது. அப்படி இரண்டும் ஓடும்போதெல்லாம் நான் நாலு நாள் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன். பதினேழாம் தேதி திரும்பி வந்து காப்பி போடுவேன்.

இருபத்தாறு வருஷமாக எங்கள் குடும்பம் இப்படித்தான் நடக்கிறது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று கல்யாணத்தன்றே சொன்ன மாமனார்கூடக் கடைசியில் வாயை மூடிக்கொண்டார்.

இந்த வருஷம் பிறந்த வீடு இல்லை. பனிக்காலத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். மிலானோவில் இருக்கிற தம்பி லாப்போ ஏப்ரலிலேயே வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுவிட்டான். எனக்கு நாலு நாள் ஒதுக்குடா என்று மே மாதமே கேட்டேன். ஏற்கெனவே யாரோ பிடித்துவிட்டார்களாம். போனிலேயே அவனைக் கிழி கிழி என்று கிழித்தேன். அம்மாவோடு தெருவும் போய்விட்டதே என்று அப்புறம் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு தேடாத இடமில்லை.

சித்தி மகள் வீட்டில் ஏற்கெனவே பதினோரு பேர். குளியல் தொட்டியில்கூட ஒருவன் படுக்கிறான். கன்னியர் மடத்து விடுதியில் இடம் இருந்தது. ஆனால் இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். பந்தய வாரத்தில் பத்து மணிக்குத் தெரு விருந்திலிருந்து எழுந்து வருகிறவள் ஆமைத் தெருக்காரியா? ரயிலடிப் பக்கம் ஓட்டல் காலியாக இருந்தது. ஊர் மதிலுக்கு வெளியே போய்ப் படுப்பதற்குக் கிணற்றில் விழலாம்.

இங்கேயே இருந்துவிடலாம்தான். ஆனால் இந்த நாலு நாளில் நத்தைக் கூரையின் கீழ் படுத்தவளை என் ஆட்கள் விருந்துக்கு அழைக்க மாட்டார்கள். முகம் கொடுத்துப் பேசக்கூட மாட்டார்கள்.

"இங்கயே இரேன் ஓரெட்டா. எங்க ஆளுங்க என்ன உன்னைக் கடிச்சா தின்னுடப் போறாங்க?" என்றான் நெல்லோ.

"நத்தைக்குப் பல் இருந்தாத்தானே கடிக்க."

"அப்ப உங்கம்மா வீட்டுக்கே போ. வந்திருக்கிறவன் காலைப் பிடிச்சு சோஃபாவையாவது கேளு." சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். அதைத் தவிர வேறு வழியும் இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

பரம்பரை எதிரிகள் என்றாலும் இரண்டு தெருவுக்கும் நடுவில் ஒரு முக்குத்தான். ஏற்றத்தில் பெட்டி உருளும் சத்தத்துக்கு ஜன்னல்கள் திறந்தன. வாடகைக்காரனிடம் என்ன சொல்லிக் கெஞ்சுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஜெர்மன்காரனாக இருந்தால் சைகையில்தான் அழவேண்டும்.

கீழ்வீட்டு ஜெம்மா அக்காவிடம்தான் தம்பி சாவியைக் கொடுத்து வைத்திருக்கிறான். வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி இவ்வளவு நேரம்? காலையிலேருந்து சாவிய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"வாடகைக்கு வந்தவங்க மேல இருக்காங்களாக்கா?"

"நீதான்டி அது" என்று ஒரு தாளை நீட்டினாள்.

என் பெயர் இருந்தது. ஒரு நபர். பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை.

யார் பதிவு செய்தது என்று கேட்டேன். அதைச் சொல்ல அவளுக்கு நாலு மாதமாக வாய் அரித்திருக்கிறது.

"உன் தம்பி அறிவிப்பு போட்ட மறுநாளே ஒருத்தன் வந்தான். நல்லா வெயில் அடிக்குது, மழைக்கோட்டு போட்டிருக்கான். தொப்பியக் கண்ணு வரைக்கும் இழுத்து விட்டிருக்கான். ‘அவகிட்ட சொல்லிடாதீங்க, நான்னு தெரிஞ்சா வாசப்படி மிதிக்க மாட்டா’ன்னான். இனிமே நாமளும் நத்தையும் சேர்ந்து ஓடுற எல்லாப் பந்தயத்துக்கும் இந்த வீடு உனக்குத்தானாம். உன் தம்பிகிட்ட எழுதியே வாங்கிட்டான்."

அவளுக்கு ஆள் தெரியும். எனக்கும் தெரியும். பெயரை இருவருமே சொல்லவில்லை. ஆமைக்குப் படுக்கை பிடித்துக் கொடுத்தான் என்று அவன் தெருவில் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள்.

மாடிக்குப் போய்ப் பெட்டியை இறக்கிவிட்டு ஜன்னலைத் திறந்தேன். கீழே பையன்கள் முரசடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றேன். உடனே போன் போட்டு அவனைத் திட்டவேண்டும், கொஞ்சவேண்டும் போலிருந்தது. முடியாது. நான் படியிறங்கிவிட்டால் பந்தயம் முடியும்வரை பேச்சு வார்த்தை கிடையாது என்பது எங்கள் கல்யாண ஒப்பந்தம்.

சாயங்காலம் தெருக் கோயிலுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனேன்.

எங்கள் ஊர்ப் பந்தயத்தில் கடைசியாக வருவதில் வெட்கமே இல்லை. இரண்டாவதாக வருகிறவனைப் பார்த்துத்தான் ஊர் வருஷம் முழுக்கச் சிரிக்கும். ஆகவே இருபத்தாறு வருஷமாக என் பிரார்த்தனை ஒன்றுதான்: ஆமை முதலில், நத்தை இரண்டாவது.

இந்த வருஷமும் மாதா முன்னால் மண்டியிட்டேன். ஆமை முதலில் வரட்டும் தாயே என்றேன். பிறகு யாருக்கும் கேட்காமல், மனசாரச் சொன்னேன்.

நத்தை கடைசியில் வரட்டும்.