எலும்பு வழியே வெயில்

சாரத்திலிருந்து விழுந்த நாள்முதல், நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதுதான் கொத்தனார் செல்லையாவின் வேலை. மனைவி அமலியும் மகள் நிர்மலாவும் இடித்த கட்டடத்து ஜன்னல் சட்டங்களைத் தூக்கிவந்து, கொல்லையில் செடிகளுக்கு ஒரு கண்ணாடி வீடு கட்டினார்கள். கூரைக்குக் கண்ணாடி போதவில்லை. பீரோவுக்குப் பின்னால் கிடந்த குடும்பத்து எக்ஸ்ரே படங்களை நிர்மலா பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தாள். கறுப்பெல்லாம் கரைந்து வெறும் தகடுகளாயின. கடைசியில் செல்லையாவின் தொடை எலும்புப் படத்தைக் கையில் எடுத்தாள்.

"அதை மட்டும் கழுவாதம்மா. அப்படியே மாட்டு."

"வெளிச்சம் வராதேப்பா."

"எலும்பு வழியா வரும்."

மறுநாள் காலை பக்கத்து வீட்டு ரோசம்மா எட்டிப் பார்த்தாள். "அக்கா, இதை யாரு கட்டினது?"

"நாங்க மூணு பேரும்தான்," என்றாள் அமலி.

"மேல என்ன அது, கறுப்பா?"

"என் காலு," என்றார் செல்லையா.

அதற்குக் கீழே ஒரு வெள்ளை எலும்பு, டாக்டர் முடுக்கிய ஏழு ஸ்குருக்களோடு, வெயிலாகத் தரையில் விழுந்திருந்தது. செல்லையா கைத்தடியைச் சட்டத்தில் சாய்த்துவிட்டு, ஏழு தக்காளித் தொட்டிகளை அதன்மேல் வரிசையாக இழுத்து வைத்தார். வெயில் நகர்ந்தது. அவரும் தொட்டிகளை நகர்த்தினார்.