அலசிய டம்ளர்

மாமனார் டம்ளரைக் காலி செய்து கீழே வைக்கும்வரை அவள் மூச்சுவிடவில்லை. உதடு கோணுகிறதா, தொண்டை இழுக்கிறதா, கண்ணில் ஏதாவது மாறுகிறதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்ற கணவன், அப்பாவிடம் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு இதைச் செய்திருக்கலாமே என்று கிண்டலடித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

டம்ளரில் இருந்தது தண்ணீர்தான். ஆனால் அந்த டம்ளர், அவளே தயாரித்த பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி, ஒரே ஒரு முறை அலசப்பட்டது. தேங்காயெண்ணெயிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் எடுத்த நுரைப்பொருள்; சாக்கடையில் போனாலும் மண்ணோடு மண்ணாக மக்கிவிடும். எண்ணெய்ப் பிசுக்கை அது நன்றாகவே எடுத்தது. எடுத்த பிறகு, தான் மட்டும் போகமாட்டேன் என்று பாத்திரத்திலேயே அடம்பிடித்ததுதான் சிக்கல்.

தண்ணியாக இருந்தால் எவன் வாங்குவான் என்று கணவன் சொன்னதைக் கேட்டு, போன தடவை கெட்டியாக்கும் பசைப்பொடியைக் கூடுதலாகப் போட்டுவிட்டாள். அதை வாங்கிய குழந்தைகள் காப்பகத்தில், அதில் கழுவிய கிண்ணங்களில் பால் குடித்த பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். ஒரு குழந்தைக்குக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. அந்தச் சின்னக் கையில் ஊசி குத்தியிருந்ததை நேரில் பார்த்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

காப்பகத்தை நடத்துவது அவளுடைய சித்தி. அந்த ஒரே காரணத்தால் இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. பொடியைக் குறைத்துப் புதிதாகத் தயாரித்தாள். இந்தத் தடவை ஒரு பிள்ளை முகம் சுளித்தாலும் போலீஸில் தானே கொண்டுபோய் விடுவதாகச் சித்தி சொல்லியிருந்தாள். சித்தி விளையாட்டுக்குப் பேசுகிறவள் அல்ல.

நாள் முழுக்க நுரையோடு நிற்கும் அவளுக்கு எதை வாயில் வைத்தாலும் சோப்பாகத்தான் தெரிந்தது. கணவனோ சிகரெட்டை விடாதவன். மிச்சம் இருந்தது மாமனார்தான். தேயிலைக் கம்பெனியில் ருசி பார்த்தே சம்பளம் வாங்கியவர். ஒரு மடக்கில் எந்தச் சரிவில் பறித்த இலை என்று சொல்லிவிடுவார். முன்பெல்லாம் அவள் போடும் டீயை முகர்ந்ததுமே தள்ளி வைத்தவர், இப்போது எதைக் கொடுத்தாலும் பேசாமல் குடித்தார். வயசானால் மனசு கனியும் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வார்கள்.

காப்பகத்துச் சங்கதி எதுவும் அவருக்குத் தெரியாது. ரத்த அழுத்தக்காரர் என்று கணவன் மறைத்துவிட்டான். ஏதோ ஓட்டலுக்குப் போகிற சரக்கு என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது தெரியுதா மாமா? கசக்குதா?"

"ஒண்ணுமில்லம்மா. வெறும் தண்ணி."

"இன்னொரு டம்ளர் பாத்துடலாமா?"

"என்னை என்ன ஒட்டகம்னு நெனச்சியா?"

என்றாலும் குடித்தார். வாயில் வைத்துச் சுழற்றி, பழைய தோரணையில் சத்தமாக உறிஞ்சி, தலையை ஆட்டினார். சுத்தம்.

அவள் கணவனைப் பார்த்துக் கையசைத்தாள். கேன்கள் வண்டியில் ஏறின. அவனே ஓட்டிக்கொண்டு போனான். தெருமுனையில் வண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கண் கலங்கியது.

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்ற, அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வாந்தி, குளுக்கோஸ், சித்தி.

"உங்க நாக்கை நம்பித்தான் மாமா அனுப்பியிருக்கேன். இன்னிக்கு சாயங்காலமே பிள்ளைங்களுக்கு அந்தக் கிண்ணத்துலதான் பால்."

மாமனார் காலித் தெருவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அவனுக்குப் போன் போடு. வண்டியத் திருப்பச் சொல்லு."

"ஏன் மாமா?"

"எனக்கு ருசி தெரிஞ்சு ஒரு வருஷமாச்சும்மா."