ஹெலிகாப்டர் குரல்

போட்டி ரேடியோ நிலையத்தில் ஹெலிகாப்டர் கடகடத்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே, கென்னடி சாலையில் லாரி கவிழ்ந்ததை ஸ்டேசி நாக்ஸ் படபடவென்று சொல்லி முடித்தாள். தொண்டை கட்டியிருந்தும் வேகம் குறையவில்லை. க்ளென் டுவோராக் ரேடியோவை அணைத்துவிட்டுப் பல்லைக் கடித்தான்.

பனிக்காலத்துச் சிகாகோவில் காலை ரேடியோவை யாரும் பாட்டுக்காகத் திருப்புவதில்லை, சாலை நிலவரத்துக்காகத்தான். க்ளெனின் நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டேசி பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார்கள். தன் பேச்சு புளித்துப்போனதை ஒப்புக்கொள்ள அவனுக்கு மனமில்லை. பழி போட மார்லா இருந்தாள்.

அவன் நிலையத்துக்குச் சாலை நிலவரம் சொல்பவள் அவள். நகரத்தின் மறுகோடியில், பல நிலையங்களுக்கும் சாலைச் செய்தி தரும் அலுவலகத்திலிருந்து லைனில் வரும் குரல். முகத்தை அவன் பார்த்ததே இல்லை. மெதுவாக, கொஞ்சிப் பேசுகிற மாதிரி சொல்லவேண்டும் என்று அவளுக்கு உத்தரவு போட்டதும் அவனேதான்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது லைனைத் திறந்தான்.

"தொண்டையா அது, துருப்பிடிச்ச கதவா?"

"சளி, க்ளென். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"அந்த ஸ்டேசிக்கும்தான் சளி. அவ ஹெலிகாப்டர்ல ஏறி உயிரைக் குடுத்துச் சொல்றா. நீ ஹீட்டர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு முனகறே."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். மார்லாவின் சளி சோம்பேறித்தனம், ஸ்டேசியின் சளி தியாகம்.

நாளையிலிருந்து லைனில் வராதே என்றான். அவள் தணிந்த குரலில் கெஞ்சினாள்.

"உங்க ஸ்டேஷன் போனா என் வேலை நேரம் பாதியாயிடும். மருத்துவக் காப்பீட்டையும் நிறுத்திடுவாங்க. சளி விடற வரைக்குமாவது பொறுங்க."

"உன் பாதியும் முழுசும் எனக்கு எதுக்கு?" என்று லைனை அறுத்தான்.

அவன் துள்ளலுக்குக் காரணம் இருந்தது. ஸ்டேசியை இழுத்து வருகிறேன், முடியாவிட்டால் என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று மேலாளர் அம்மாவிடம் சவால் விட்டிருந்தான். அந்த அம்மா இரண்டுக்குமே சந்தோஷமாகத் தலையாட்டியிருந்தாள்.

மறுநாள் மதியம், யார் யார் காலையோ பிடித்து வாங்கிய எண்ணுக்குப் போன் செய்தான். ஸ்டேசியே எடுத்தாள். குரலில் தேன் வழியப் பேசினான். உங்களைப் போல இந்த ஊரில் யாரும் இல்லை, கேட்ட சம்பளம், கேட்ட வசதி, நாளைக்கே வாருங்கள் என்றான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். ஒரு தடவை இருமினாள்.

"உடம்பைப் பார்த்துக்குங்க," என்றான் உருக்கமாக.

"அங்க ஏற்கெனவே ஒருத்தங்க இருக்காங்களே?"

"மார்லாவா? நேத்தே விரட்டிட்டேன். ஹெலிகாப்டர்ல ஏற அதுக்குத் துணிச்சல் ஏது?"

மறுமுனைக் குரல் மெதுவாக, கொஞ்சிப் பேசுகிற மாதிரி மாறியது.

"ஹெலிகாப்டர் சத்தம் வெறும் டேப்பு, க்ளென். நேத்து நீ விரட்டினது என்னைத்தான்."