மூன்றாம் மாடிக் கதிரைகள்

“இது ஃபிளாட்டோ, பஸ் ஸ்ராண்டோ? நீங்களே சொல்லுங்கோ வின்சன்ற் அண்ணை.”

குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் வின்சன்றின் வீட்டு வாசலில் நின்று பொரிந்தாள் அருந்ததி. வெள்ளவத்தையில் அந்த மாடிக் கட்டடத்துக்கு அவள் குடிவந்து கனகாலம். இதுவரை யார்மீதும் முறைப்பாடு சொன்னதில்லை.

“ஆரைச் சொல்லுறீங்கள்?”

“எங்கட பக்கத்து வீட்டு ஸஹாப்தீன் நானாவையும் அவற்ர மனுசியையும்தான். மத்தியானம் எண்டால் போதும், ரெண்டு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்து படியடியில போட்டுக்கொண்டு இருக்கினம். அவர் பெனியனோட. என்ர மனுசனைப் பார்க்க வாற சனம் இவையைத் தாண்டித்தான் உள்ளுக்கு வரவேணும்.”

“வெக்கை தாங்கேலாமல் இருக்கினம் போல. இந்த முறை வெயில் சனத்தைக் கொல்லுதே.”

“வெக்கை எல்லாருக்கும்தான். அதுக்காகப் பொது இடத்தில குடித்தனம் நடத்துறதோ?”

அவள் குரலில் கோபத்தைவிடக் களைப்பே கூட இருந்தது. கணவர் யோகநாதன் பாரிசவாதத்தில் விழுந்து, படுத்த படுக்கை. ஆஸ்பத்திரி வார்ட்டில் வியர்வை ஊறி ஊறி முதுகில் புண் வந்துவிட்டது. வீட்டில் அறை குளிராக இருந்தால்தான் ஆறும் என்றார் டொக்டர். அருந்ததி அவரோடு வார்ட்டில் நிற்க, வின்சன்ற்தான் கதவைத் திறந்துவிட, ஆட்கள் வந்து ஏசியைச் சுவரில் பூட்டிவிட்டுப் போனார்கள். அன்று தொட்டு அது ஓய்வில்லாமல் ஓடுகிறது. புண்ணும் மெல்ல மெல்லக் காய்ந்து வருகிறது.

பின்னேரமே வின்சன்ற் மேலே வந்தார். அவர் தயங்கித் தயங்கிச் சொல்வது கதவுக்குப் பின்னால் நின்ற அருந்ததிக்குக் கேட்டது. ஸஹாப்தீனின் மறுமொழியும் கேட்டது.

“சரி மகன். எங்களால ஒருத்தருக்கும் கரச்சல் வேணாம்.”

கதிரைகள் உள்ளே போயின.

மறுநாள் மருந்து வாங்கப் புறப்பட்டவள், பக்கத்து வீட்டுக் கதவு அரைவாசி திறந்திருப்பதைக் கண்டாள். கிழவர் தரையில் படுத்திருந்தார். அவர் மனைவி ஸைனம்பு ஈரத் துணியால் அவருடைய நெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அருந்ததிக்கு மனம் ஒரு மாதிரியாகிவிட்டது. “றோட்டுப் பக்க ஜன்னலைத் திறந்து விடுங்கோவன்” என்றாள்.

“பஸ் பொகை இவருக்கு ஒத்துக்கொள்ளாது மகள். தெறந்தா இருமலு வந்துரும்.”

“அப்ப பின்பக்க ஜன்னல்?”

ஸைனம்பு துணியைப் பிழிந்தாள். “அது தெறக்கிறல்ல” என்று மட்டும் சொன்னாள்.

ஜன்னலைப் பூட்டி வைத்துக்கொண்டு வெக்கை என்றால் யார் என்ன செய்வது? அருந்ததி படியிறங்கிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக் கதவு படபடவென்று தட்டப்பட்டது.

“மகள், ஓடி வாங்களேன்! இவரு கண்ணத் தெறக்கிறாரில்ல!”

அருந்ததி ஓடினாள். உள்ளே காலை வைத்ததும் பாண் சுடும் போறணைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஸஹாப்தீன் சுவரோடு சரிந்து கிடந்தார். தொட்டுப் பார்த்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. வியர்வையே இல்லை.

“முதல்ல காத்து வரட்டும்” என்று பாய்ந்து போய்ப் பின்பக்க ஜன்னலைத் தள்ளித் திறந்தாள்.

வந்தது காற்றில்லை. நெருப்பு மாதிரி ஒன்று முகத்தில் அறைந்தது.

இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஓர் ஒடுங்கிய இடைவெளி. கையை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில், எதிர்ச் சுவரில், ஏசியின் வெளிப்பெட்டி இரைந்து சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சுவருக்கு அங்கால்தான் யோகநாதனின் கட்டில்.

அருந்ததி ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

வின்சன்றைக் கூப்பிட்டாள். அம்புலன்ஸுக்கு அடித்தாள். மூலையில் கிடந்த பிளாஸ்ரிக் கதிரையை அவளே இழுத்து வந்தாள். கிழவரை அதில் இருத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, படியடிக்குத் தூக்கி வந்தார்கள். அங்கே கடற்காற்று கொஞ்சம் வந்தது. தலையிலும் கழுத்திலும் தண்ணீர் விட்டார்கள். அவள் தன் சீலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே இருந்தாள்.

அம்புலன்ஸ் வந்து சேரமுன்னமே அவர் கண் விழித்தார்.

அருந்ததி அவர் காலடியில் குந்தினாள். “ஏன் நானா, என்னட்டை ஒரு சொல் சொல்லேல்லை? ஏசி பூட்டினவங்கள் தெரியாமல் பூட்டிப்போட்டாங்கள். சொல்லியிருந்தால் நான் ஏதும் வழி பார்த்திருப்பனே...”

“தெரியாமப் பூட்டல்ல மகள்” என்றாள் ஸைனம்பு. “அவங்க எங்ககிட்ட வந்து கேட்டாங்க. வேற எடமில்ல, சூடெல்லாம் உங்கட ஜன்னலுக்குத்தான் அடிக்கும், பரவாயில்லயா எண்டு. இவருதான் பூட்டச் சொல்லிட்டாரு.”

அருந்ததி நிமிர்ந்து ஸஹாப்தீனைப் பார்த்தாள். “ஏன் நானா?” என்றாள்.

அவர் மூச்சை மெதுவாக இழுத்துவிட்டுச் சொன்னார்.

“உங்கட மனுசனுக்கு எழும்பி வெளியில வர ஏலாதே மகள். எங்களுக்கு ஏலும்தானே எண்டு நெனச்சேன்.”