பஃபலோச் சட்டை

சீமோன் பஃபலோ அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ரீவிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தபோது யூஜினியால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் என்றால் உயிரை விடுகிற மனுசன் அவள் புருசன். அந்த ஹொக்கி அணி தோற்ற நாட்களில் சோற்றைக்கூடத் தொடமாட்டார். இன்றைக்கு பஃபலோவிடம் தோற்றால் இந்த வருடக் கோப்பைக் கனவு முடிந்தது.

"அத்தான், உங்களுக்கென்ன விசரோ?" என்று கத்தினான் அவள் தம்பி டெனிஸ்டன்.

"லீஃப்சும் ஒரு ரீமோ? யோர்க் யூனிவேர்சிட்டிப் பெடியள் இவங்களைவிடத் திறமா விளையாடுவாங்கள். பஃபலோதான் ரீம்!" என்றார் சீமோன்.

பஃபலோ கோல் போட்டபோதெல்லாம் சீமோன் எழும்பி நின்று கைதட்டினார். கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டார்.

கடைசியில் பஃபலோ வென்றது. "இப்ப சந்தோசமோ?" என்று கேட்டுவிட்டு, கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனான் டெனிஸ்டன்.

யூஜினி திரும்பிப் பார்த்தாள். சீமோன் அந்தச் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துத் துடைத்து விம்மிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, உங்கட ஆக்கள்தானே வெண்டவங்கள்? பிறகேன் அழுறியள்?"

"ராப்டர்ஸ், புளூ ஜேஸ், லீஃப்ஸ்... எந்த ரீமெண்டாலும் நான் இருந்து கத்தின பக்கம் எப்பவாவது வெண்டிருக்கோ, யூஜினி? என்ர ராசி அப்பிடி. அதுதான் இண்டைக்கு பஃபலோவுக்குக் கத்தினனான்."

மூக்கை உறிஞ்சினார்.

"இவ்வளவு காலத்தில இண்டைக்குத்தான் நான் கத்தின பக்கம் முதல்தரமா வெண்டிருக்கு."